லீட்ஸிலிருந்து ஒருநாள் பயணம்: எங்கே போனால் நேரம் மிஞ்சும்?

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் ஸ்டேஷனில் நிற்கிறவருக்கு வரைபடத்தில் எல்லாமே பக்கம்தான். யார்க், சால்டேர், ஹாவொர்த், மால்ஹம், ரிப்பிள்ஹெட், இல்க்லி, ஸ்கார்பரோ, விட்பி என்று எதைத் தொட்டாலும் ஒரே நாளில் போய்வந்துவிடலாம் போலத் தெரியும். ஆனால் இவற்றில் ஒன்றுக்குப் போனால் முழுதாக எட்டு மணி நேரம் ஊரைச் சுற்றலாம். இன்னொன்றுக்குப் போனால் ஏழு மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்து, மூன்று நான்கு மணி நேரம்தான் கையில் மிஞ்சும். கார் இல்லாதவர்கள் ஊரின் பேரை மட்டும் பார்த்து முடிவு செய்வதால்தான் நல்ல வெயில் அடிக்கும் சனிக்கிழமைகள் வீணாகின்றன.

போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பதை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். திரும்பி வர எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பதைத்தான் பார்ப்பதில்லை. கால் மணிக்கு ஒரு ரயில் இருக்கும் ஊரில் மழை பிடித்தாலும், குழந்தை அழுதாலும், அம்மாவுக்கு முட்டி வலித்தாலும் உடனே கிளம்பிவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் அந்த நாள் முழுவதும் கடிகாரத்தின் பிடியில்தான். அடுத்தது வெளிச்சம். ஜூன் மாதம் லீட்ஸில் இரவு ஒன்பதரை தாண்டித்தான் சூரியன் மறைகிறது. டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே மறைந்துவிடும். கோடையில் பத்து மணிக்குக் கிளம்பினாலும் மலை ஏறலாம். டிசம்பரில் பத்து மணிக்குக் கிளம்பி மலைக்குப் போவது ஆபத்து.

யார்க்: பெற்றோரோடும், மழையிலும்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், அல்லது வானிலையை நம்ப முடியாத வாரம் என்றால், யோசிக்காமல் யார்க். ரயிலில் 25 நிமிடம்தான். சனிக்கிழமையில் மணிக்கு நான்கு வண்டியாவது இருக்கும். நாள் முழுவதையும் நடந்தே முடித்துவிடலாம்.

பெரும்பாலோர் நேராக மின்ஸ்டர் தேவாலயத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். அதற்குப் பதில் ஸ்டேஷனின் பின்பக்கமாக இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் தேசிய ரயில்வே அருங்காட்சியகம். அனுமதி இலவசம். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்டு நீராவி எஞ்சின்களின் உலகச் சாதனையை நிகழ்த்திய மல்லார்ட் அங்கேதான் நிற்கிறது. ஜப்பானின் பழைய புல்லட் ரயில் பெட்டிக்குள் ஏறி உட்காரவும் செய்யலாம். குழந்தைகள் இருந்தால் இங்கேயே இரண்டு மணி நேரம் போய்விடும். மழை நேரத்தை இங்கே கழித்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் மதில்மேல் ஏறுங்கள்.

நகரைச் சுற்றியுள்ள மதிலின் நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர், ஏறக் கட்டணம் இல்லை. முழுதும் சுற்ற இரண்டு மணி நேரம் ஆகும், அதற்கு அவசியமும் இல்லை. பூதம் பார் (Bootham Bar) என்ற மதில் வாசலில் ஏறி மங்க் பார் (Monk Bar) வாசலில் இறங்கும் துண்டுதான் மிக அழகானது. இருபது நிமிட நடை, பக்கவாட்டில் மின்ஸ்டர் முழு உருவத்தோடு தெரியும். ஒரு எச்சரிக்கை: பல இடங்களில் மதிலின் உட்பக்கம் கைப்பிடிக் கம்பி கிடையாது. சின்னக் குழந்தையின் கையை விடக்கூடாது, தள்ளுவண்டியும் ஏறாது. பனி உறைந்த நாட்களில் மதிலை மூடிவிடுவார்கள்.

மின்ஸ்டருக்குள் போகப் பெரியவர்களுக்கு 20 பவுண்டை ஒட்டி ஆகும். கிழக்குப் பெருஞ்சன்னல் 1405-க்கும் 1408-க்கும் இடையில் ஜான் தார்ன்டன் செய்தது; அந்தக் கண்ணாடி ஓவியத்தை நின்று பார்க்கப் பொறுமை இருப்பவர்களுக்கு அந்தப் பணம் தகும். உள்ளே நின்று அந்தக் கூரையின் உயரத்தை உணர்ந்தால் போதும் என்பவர்கள் மாலை வழிபாட்டுக்குப் போகலாம். பாடகர் குழு பாடும், கட்டணம் இல்லை. அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்கவோ படம் எடுக்கவோ முடியாது, உட்கார்ந்து கேட்பது மட்டும்தான்.

யார்க்கைத் தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. குதிரைப் பந்தயம் நடக்கும் நாளில் காலை ரயிலிலும் மாலை ரயிலிலும் நிற்கக்கூட இடம் இருக்காது. ஆகஸ்டில் ஈபார் பந்தய வாரம் அதில் உச்சம். டிசம்பர் சனிக்கிழமைகளில் கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டத்தில் ஷாம்பிள்ஸ் தெருவுக்குள் நகரவே முடியாது. அந்த மாதத்தில் போவதானால் செவ்வாய், புதன்.

அரை நாள்தான் இருக்கிறது என்றால்

சால்டேரும் இல்க்லியும் அரை நாளுக்கு ஏற்றவை. இரண்டில் எது என்பதை வானம் சொல்லட்டும்.

சால்டேர் ரயிலில் கால் மணி நேரம். டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி ஆலை முதலாளி 1853-இல் திறந்த ஆலையும், தொழிலாளர்களுக்காக அவர் கட்டிய ஊரும் 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஆலைக்குள் இப்போது டேவிட் ஹாக்னியின் ஓவியங்கள், புத்தகக் கடை, உணவகம். நுழைவு இலவசம். வார ஆரம்பத்தில் ஆலை மூடியிருக்கும். வார இறுதியில் போவது நல்லது. வெளியே வந்து தெருக்களில் நடக்கும்போது வீட்டு வரிசைகளின் கோடிகளைக் கவனியுங்கள். நடுவில் உள்ளவை தொழிலாளர் வீடுகள். கோடியில் ஒரு மாடி உயர்ந்து நிற்பவை மேற்பார்வையாளர்களுடையவை. ஆலையில் இருந்த படிநிலையை அப்படியே செங்கல்லும் கல்லுமாகத் தெருவில் வைத்திருக்கிறார்கள்.

ஆலையோடு திரும்பிவிடாமல் கால்வாய்க் கரையிலேயே மேற்கே நடந்தால் சுமார் 5 கிலோமீட்டரில் பிங்லியின் ஐந்தடுக்கு நீர்ப்பூட்டு, அதாவது படகை மேடேற்றி இறக்கும் கதவு வைத்த தண்ணீர் அறைகள், வரும். பாதை சமதளம், ஒன்றே கால் மணி நேர நடை. 1774-இல் திறக்கப்பட்ட அந்த ஐந்து பூட்டுகளும் படிக்கட்டு போல ஒன்றோடொன்று ஒட்டியவை: கீழ்ப் பூட்டின் மேல்கதவுதான் அடுத்த பூட்டின் கீழ்க்கதவு. படகு 18 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். ஒரு அறையில் தண்ணீரைத் தவறான வரிசையில் திறந்தால் மேலே உள்ளது வற்றும், கீழே உள்ளது வழியும். அதனால்தான் பூட்டுக் காவலர் இல்லாமல் யாரையும் கடக்க விடுவதில்லை. படகு ஏறும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அரை மணி நேரம் நின்று பார்க்க வேண்டிய காட்சி. அங்கிருந்து பிங்லி ஸ்டேஷன் பத்து நிமிடம். சால்டேருக்குத் திரும்ப நடக்க வேண்டாம்.

இல்க்லி அரை மணி நேரப் பயணம், அரை மணிக்கு ஒரு ரயில். ஸ்டேஷனிலிருந்து மேட்டில் ஏறினால் நாற்பது நிமிடத்துக்குள் பசுவும் கன்றும் என்று பெயர் பெற்ற பாறைகள். ஆகஸ்டில் மேடு முழுதும் ஹெதர் பூத்து ஊதாவாக இருக்கும். மலை ஏறிப் பழக்கமில்லாதவர்களுக்கு இதுதான் முதல் மலையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. மேகம் இறங்கினால் திரும்பி இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் ரயிலில் உட்கார்ந்துவிடலாம். கோடையில் முழுநீளக் கால்சட்டை போடுங்கள். பெரணிச் செடிகளில் உண்ணி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்புறத்தையும் காலுறை விளிம்பையும் பார்க்க வேண்டும்.

ரிப்பிள்ஹெட்டா, மால்ஹமா?

மலையும் பள்ளத்தாக்கும்தான் பார்க்க வேண்டும் என்றால் போட்டி இவை இரண்டுக்கும்தான். கார் இருந்தால் மால்ஹம், கார் இல்லாவிட்டால் ரிப்பிள்ஹெட். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ரிப்பிள்ஹெட்டுக்கு லீட்ஸிலிருந்து கார்லைல் போகும் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், வண்டி மாற வேண்டாம். ஸ்கிப்டன் வரை சாதாரணப் பயணம்தான். செட்டில் தாண்டியதும் வண்டி மேலேறத் தொடங்கும். வலப்பக்கம் பென்-ய்-கென்ட் மலை, இடப்பக்கம் இங்கிள்பரோ மலை, அதன்பின் வெர்ன்சைட் மலை. ரிப்பிள்ஹெட்டையும் தாண்டிப் போகிறவர்கள் டென்ட் வரை இடப்பக்கச் சன்னல், கார்ஸ்டேல் தாண்டியபின் வலப்பக்கச் சன்னல் என்று மாறிக்கொள்ள வேண்டும். ஈடன் பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் விரிகிறது.

ரிப்பிள்ஹெட்டில் பார்க்க வேண்டியது அங்கே பள்ளத்தாக்கைக் கடக்கும் வளைவு ரயில் பாலம். பலர் செய்யும் பிழை, அந்தப் பாலத்தைப் பார்ப்பதற்காக ரயிலேறிப் பாலத்தின்மேலேயே போய்விடுவது. மேலே உட்கார்ந்திருப்பவருக்குப் பாலம் தெரியாது, வெறும் சதுப்பு வெளிதான் தெரியும். ரிப்பிள்ஹெட்டில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்து வளைவுகளின் அடிக்குப் போக வேண்டும். மொத்தம் 24 வளைவுகள், நீளம் 400 மீட்டர், உயரம் 32 மீட்டர். கீழே நின்று தூண்களை எண்ணிக்கொண்டே போனால் ஒவ்வொரு ஆறாவது தூணும் மற்றவற்றைவிடத் தடித்திருப்பது கண்ணில் படும். ஒரு தூண் சரிந்தால் பக்கத்து வளைவுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழும். அந்தச் சரிவு தடித்த தூணோடு நின்றுவிட வேண்டும், முழுப்பாலமும் போகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 1985 முதல் பாலத்தின்மேல் ஒற்றைத் தண்டவாளம்தான். வண்டி மெதுவாகத்தான் கடக்கும், படம் எடுக்க நேரம் கிடைக்கும். 1980-களில் இந்தத் தடத்தையே மூடப் பார்த்தார்கள். மக்கள் போராடி 1989-இல் அந்த முடிவைத் திரும்பப் பெற வைத்தார்கள்.

பாலத்தைச் சுற்றியுள்ள புல்வெளியில் மேடும் பள்ளமுமாகத் தெரிவது 1870-களில் பாலம் கட்ட வந்த கூலித் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த முகாம்களின் தடம். விபத்திலும் அம்மை நோயிலும் மாண்டவர்களில் பலர் பக்கத்துச் சாப்பல்-லி-டேல் தேவாலய வளாகத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் அந்த மேடுகளையும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

இனி நேரக் கணக்கு. ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அதனால் இறங்கும்போதே எந்த வண்டியில் திரும்புவது என்பது முடிவாகியிருக்க வேண்டும். பாலம் மட்டும் என்றால் அடுத்த வண்டியிலேயே திரும்பலாம். வெர்ன்சைட் ஏறுவது என்றால் 736 மீட்டர் உயரம், சுற்றுப்பாதை 13 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம் வையுங்கள், ஆறு மணி நேரம் கழித்து வரும் வண்டியைக் குறியுங்கள். மேலே காற்று ஆளைத் தள்ளும். லீட்ஸில் வெயில் அடித்தாலும் மழைச்சட்டை, கம்பளித் தொப்பி, வரைபடம் மூன்றும் பையில் இருக்க வேண்டும். போன் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு விடுதியைத் தவிரச் சாப்பாட்டுக்கு வழி குறைவு. புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவதுதான் சரி.

நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் அதே ரயிலில் செட்டிலில் இறங்கலாம். செவ்வாய்க்கிழமை என்றால் சந்தை. அல்லது கார்லைல் வரை போய் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பலாம். மொத்தம் ஐந்தரை மணி நேரம் ரயிலில்தான் என்றாலும் மலையைச் சன்னலிலேயே பார்க்க இதைவிட நல்ல வழி இங்கே கிடையாது.

மால்ஹமில் பார்க்க இதைவிட அதிகம் இருக்கிறது என்பது உண்மை. சுமார் 80 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைச் சுவர், அதன் தலையில் வெடித்த பாளம் பாளமான கற்தரை, கோர்டேல் மலைப்பிளவு, ஜேனட் அருவி எல்லாம் 8 கிலோமீட்டர் சுற்றுக்குள். ஆனால் ஸ்கிப்டனில் இறங்கிப் பிடிக்க வேண்டிய பஸ் ஒரு நாளைக்குச் சில தடவைதான். ஞாயிறு அட்டவணை வேறு, குளிர்காலத்தில் இன்னும் சுருங்கும். ஒன்றைத் தவறவிட்டால் டாக்ஸிக்குச் செலவழிக்க வேண்டியதுதான். காரில் போகிறவர்கள் கோடை வார இறுதியில் காலை பத்துக்கு முன் போய்விடுங்கள்; அதன்பின் பார்க்கிங் நிரம்பி, ஊருக்கு வெளியே சாலையோரத்தில் வண்டிகள் நீளும்.

நடையில் எந்தத் திசை என்பது முட்டியைப் பொறுத்தது. முதலில் ஜேனட் அருவி, கடைசியில் பாறைச் சுவர் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். அப்படிப் போனால் கடைசியில் சுமார் 400 கற்படிகளை இறங்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் காலையிலேயே அந்தப் படிகளை ஏறிவிட்டு, மறுபக்கமாகச் சரிவில் இறங்கட்டும். மேலே கற்தரையில் பாளங்களுக்கு நடுவே உள்ள வெடிப்புகள் ஆழமானவை. மழை பெய்திருந்தால் கல் வழுக்கும், கால் உள்ளே போனால் கணுக்கால் முறியும். கோர்டேலில் அருவியை ஒட்டிப் பாறையில் தொற்றி ஏறும் வழி ஒன்று உண்டு. குழந்தைகளோடு அதை முயல வேண்டாம். பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி வாருங்கள்.

ஹாவொர்த்

நாவலாசிரியைகளான பிரான்டி சகோதரிகள் வாழ்ந்த ஊர். அவர்களைப் படித்தவர்களுக்கு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது. படிக்காதவர்களுக்கு ஒரு செங்குத்தான கற்தெரு, தேநீர்க் கடைகள், அவ்வளவுதான். ரயிலில் கீத்லி வரை 25 நிமிடம், பிறகு பஸ்ஸில் இருபது நிமிடம். கீத்லி ஸ்டேஷனிலேயே இன்னொரு மேடையிலிருந்து நீராவி ரயில் கிளம்பும். 8 கிலோமீட்டர்தான், ஆனால் தினமும் ஓடாது. போகிற தேதியில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஹாவொர்த் ஸ்டேஷன் பள்ளத்தில் இருக்கிறது. அருங்காட்சியகமான பாதிரியார் இல்லம் மேட்டின் உச்சியில். சக்கர நாற்காலிக்கு அந்தத் தெரு சரிப்படாது. டாப் விதென்ஸ் பாழ்வீடு வரை போய்வர 11 கிலோமீட்டர் ஆகும். நாலு மணி நேரம் வைத்துக்கொண்டால் அருங்காட்சியகத்தையும் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

கடல்: எல்லோரும் கேட்பது விட்பி, போக வேண்டியது ஸ்கார்பரோ

விட்பி அழகான ஊர். 199 படிகள், உச்சியில் பாழடைந்த மடம், கீழே துறைமுகம். ஆனால் லீட்ஸிலிருந்து நேராக ரயில் இல்லை. கோஸ்ட்லைனர் 840 பஸ் யார்க், மால்டன், பிக்கரிங் வழியாகப் போகிறது, மூன்றரை மணி நேரம் ஆகும். கட்டண உச்சவரம்பால் ஒரு பக்கம் 3 பவுண்ட் என்பதைப் பார்த்துப் பலர் ஏறிவிடுகிறார்கள். போகவர ஏழு மணி நேரம், அதுவும் வளைந்து வளைந்து போகும் மேட்டுச் சாலை. வயிற்றைப் புரட்டும் உடம்புக்காரர்களுக்கு அன்றைய நாளே போச்சு. காரில் இரண்டு மணி நேரம் என்றாலும் கோடைச் சனிக்கிழமையில் ஏ64 சாலை யார்க்கையும் மால்டனையும் ஒட்டி அடைத்துக்கொள்ளும். விட்பிக்கு ஒரு இரவு தங்கப் போங்கள், இல்லையென்றால் தள்ளிவையுங்கள்.

ஸ்கார்பரோவுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடல். முதியவர்களுக்கு மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்க 1881 முதல் ஓடும் சென்ட்ரல் டிராம்வே இருக்கிறது. கோட்டைக்குப் போகும் வழியில் செயின்ட் மேரி தேவாலயத்தில் 1849-இல் இறந்த ஆன் பிரான்டியின் கல்லறை. அலை ஏற்ற நேரத்தை முதல்நாளே பாருங்கள்; ஏற்றத்தில் தெற்கு விரிகுடாவின் மணலில் பெரும்பகுதி மூழ்கிவிடும், குழந்தைகளின் வாளியும் மண்வெட்டியும் பையிலேயே கிடக்கும். காலை நனைக்கவோ குளிக்கவோ வடக்கு விரிகுடாதான் மேல்.

சாப்பாட்டில் நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று. யார்க்ஷயரில் மீனும் சிப்ஸும் பொரிக்கும் பாரம்பரியக் கடைகள் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. உருளைக்கிழங்குதானே என்று சைவக்காரர்கள் வாங்கும் சிப்ஸும் அதே கொழுப்பில் வெந்ததாக இருக்கும். காய்கறி எண்ணெயில் பொரிக்கிறீர்களா என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். வாங்கியதைத் திறந்தவெளியில் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் கடற்காகம் பின்னாலிருந்து வந்து கொத்திக்கொண்டு போய்விடும். சுவரையொட்டி உட்கார்ந்து சாப்பிடுவது பாதுகாப்பு.

டிக்கெட்டும் தடங்கலும்

வார நாட்களில் காலை ஒன்பதரைக்குப் பின் கிளம்பினால் ஆஃப்-பீக் கட்டணம், அதாவது கூட்டம் குறைந்த நேரத்துக்கான மலிவுக் கட்டணம். மேற்கு யார்க்ஷயருக்குள் நார்தர்ன் நிறுவனத்தின் ரயில்களில் மாலை நாலு முதல் ஆறரை வரை அந்த டிக்கெட் செல்லாத வண்டிகள் உண்டு. இல்க்லியிலிருந்து ஐந்து மணிக்குத் திரும்ப நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். சனி ஞாயிறுகளில் இந்தத் தொல்லை இல்லை. குழந்தைகளோடு போகிற குடும்பம் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு வாங்கினால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். ஒரே வண்டிக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டைப் போக வாங்கலாம், திரும்ப வாங்காதீர்கள். மலையிலும் கடற்கரையிலும் யாரும் நிமிடக் கணக்காகத் திரும்புவதில்லை.

யார்க், லீட்ஸ், ஹடர்ஸ்ஃபீல்ட், மான்செஸ்டர் தடத்தில் பெரிய மேம்பாட்டுப் பணி பல ஆண்டுகளாக நடக்கிறது. அதனால் சில வார இறுதிகளில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். 25 நிமிட யார்க் பயணம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும், ஸ்கார்பரோவும் அதோடு பாதிக்கும். வியாழன் இரவே சனிக்கிழமை அட்டவணையைத் திறந்து பாருங்கள். வண்டிக்குப் பக்கத்தில் பஸ் சின்னம் தெரிந்தால் திட்டத்தை சால்டேருக்கோ இல்க்லிக்கோ ரிப்பிள்ஹெட்டுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். அவை மூன்றும் அந்தத் தடத்தில் இல்லை.